எண்ணெய்க்கு எண் உண்டு

கருங்கல் தாண்டித் தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற கம்பெனிக்காரர்களெல்லாம் யோக்கியர்கள் ஆகிவிடுவார்கள்.

பெரியம்மா மகள் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தோம். 'ஆயிரத்துக்குப் போடு தம்பி' என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீட்டரைப் பார்க்கிறேன். லிட்டர் விலை, வழக்கமாகப் போடுகிற பெட்ரோலைவிட ஏழு ரூபாய்க்கு மேல் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

'தம்பி, இது என்ன வெலை?'

'பிரீமியமாக்கும் சார். இஞ்சினுக்கு நல்லது.'

'நான் கேக்கலியே?'

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். 'கார்லயில்லா வந்திருக்கிய?' என்றான்.

பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. காரில் வந்தவன் கணக்குப் பார்க்கலாமா? பின் சீட்டிலிருந்து வீட்டு அம்மாள் வேறு, 'நல்லதுதானே போட்டிருக்கான், விட்டுட்டு வாங்க, நேரமாவுது' என்றாள். ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த 'நல்லது' என்ற சொல் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. யாருக்கு நல்லது?

பால்காய்ச்சு முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லாரும் திண்ணையில் சாய்ந்த நேரத்தில் நான் காருக்குள் போய் டாஷ்போர்டு அறையைக் குடைந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகள் நாலு, தலைவலி மாத்திரை, உடைந்த சீப்பு, திருச்செந்தூர் விபூதி. எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், வண்டியின் கையேடு. எட்டு வருஷமாக ஓட்டுகிறேன், இன்றுதான் திறக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. எரிபொருள் என்ற தலைப்பின் கீழே ஒரே வரிதான்: ஈயம் கலக்காத பெட்ரோல், ஆக்டேன் எண் 91 அல்லது அதற்கு மேல். அவ்வளவே. பிரீமியம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் கிடையாது.

மறுநாள் காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்துபோனேன். குழித்துறை ஆறு கடலில் சேர்கிற இடம். மீரான் எழுதிய ஊர் என்று படித்தவர்களுக்குத் தெரியும். அவருடைய ஊரில் இப்போது பெரிய துறைமுகம், கற்சுவர், ஏலக்கூடம் எல்லாம் வந்துவிட்டது. கரையில் ஒருவர் வள்ளத்து இஞ்சினைக் கழற்றிச் சாய்த்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவுட்போர்டு மோட்டார். அறுபது வயசு இருக்கும் அவருக்கு. பேச்சுக்கொடுத்தேன். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற இஞ்சின். கரைக்குத் திரும்பி நிறுத்துகிறபோது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்த வேண்டும், அப்போதுதான் மறுநாள் கயிற்றை இழுத்ததும் பிடிக்கும் என்றார்.

நான் படித்த முட்டாள் அல்லவா? கேட்டேன்: 'முழுக்கப் பெட்ரோலே விட்டு ஓட்டுனா இன்னும் வேகமா போவாதா அண்ணே?'

அவர் துடைக்கிறதை நிறுத்தவில்லை. 'என்னத்துக்கு சாரே? அதுக்க ஹெட்டு மண்ணெண்ணெக்குண்ணு செய்ததாக்கும். வெல கூடுன எண்ண விட்டா அது மீன் கூடுதலா பிடிச்சுத் தருமா?' பிறகு அவரே சொன்னார்: 'பெட்ரோல் மிஷின்ல மண்ணெண்ணெ விட்டாத்தான் ஆபத்து. தட்டும். தட்டித் தட்டி பிஸ்டன் ஓட்டையாவும்.'

தட்டும் என்றார் பாருங்கள், அந்த ஒரு சொல்லில் ஆக்டேன் என்கிற சமாசாரம் முழுக்க அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் நாக்கிங் என்று எழுதி, அதை என்னமோ ஏதோ என்று நாம் பயந்துகொண்டிருப்பது இதைத்தான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கிறபோது பம்ப்பின் அடிப்பாகம் சுடும், தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடாகும். இஞ்சினுக்குள்ளும் அதேதான். பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையை பிஸ்டன் மேலே வந்து நெருக்குகிறது. நெருக்கிய பிற்பாடு பிளக் பொறி தட்டவேண்டும், பொறி பட்ட இடத்திலிருந்து தீ சீராகப் பரவவேண்டும், பிஸ்டனைக் கீழே தள்ளவேண்டும். அதுதான் முறை. ஆனால் சூடு தாங்காமல், தீ வந்து சேருமுன்னே ஓரத்தில் கிடக்கிற கலவை தானாகவே பட்டென்று வெடித்தால்? வள்ளத்தில் நாலு பேர் துடுப்புப் போடுகிறார்கள், ஒருவன் மட்டும் முந்திக்கொண்டு போட்டால் என்ன ஆகும்? அதுதான் தட்டுவது. அப்படி முந்திரிக்கொட்டை மாதிரி வெடிக்காமல், நெருக்கடியைப் பொறுத்துக்கொண்டு பொறிக்காகக் காத்திருக்கிற குணத்துக்கு ஓர் அளவு வைத்தார்கள். அதுதான் ஆக்டேன் எண்.

1920-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் வந்த அளவுகோல் இது. ஐசோ ஆக்டேன் என்கிற திரவம் நன்றாகப் பொறுக்கும், அதற்கு 100 மார்க். ஹெப்டேன் கொஞ்சமும் பொறுக்காது, அதற்கு முட்டை. 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், சோதனை இஞ்சினில் அது 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்கிறது என்று பொருள்.

ஆக, ஆக்டேன் என்பது பெட்ரோலின் வீரியம் அல்ல, பொறுமை. கூடுதல் ஆக்டேன் உள்ள பெட்ரோலுக்குள் கூடுதல் குதிரைகள் ஒளிந்திருக்கவில்லை. அதிகமாக நெருக்குகிற இஞ்சினுக்கு அதிகப் பொறுமையுள்ள எண்ணெய் வேண்டும், டர்போ வைத்த வண்டிகள் அந்த ரகம். மிதமாக நெருக்குகிற இஞ்சினுக்கு மிதமானதே போதும். மண்ணெண்ணெய்க்குப் பொறுமை ரொம்பக் குறைவு. அதனால்தான் மண்ணெண்ணெய் அவுட்போர்டை அழுத்தம் குறைத்துச் செய்கிறார்கள். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையில் ஒருவருக்கு இது கைப்பாடமாகத் தெரிகிறது. காரோட்டுகிற பட்டதாரிகளுக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும், அது வேறு விஷயம். அந்தத் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலை எகிறி, வள்ளங்கள் கவிழ்ந்து மனிதர்கள் செத்திருக்கிறார்கள். இரண்டு அலைக்கு நடுவே இஞ்சின் நின்றால் அவ்வளவுதான். அவருக்கு எண்ணெய் என்பது உயிர்க்கணக்கு. நமக்கு அது கௌரவக் கணக்காகப் போய்விட்டது.

நாஞ்சில் நாட்டுக்காரனிடம் வாழைப்பழம் விற்கிறவன் இந்தத் தந்திரத்தைச் செய்ய முடியாது. உப்பேரி வறுக்க ஏத்தங்காய், பிள்ளைக்கு மட்டிப்பழம், பூசைக்கு பாளையங்கோட்டான், விருந்துக்கு ரசகதலி, கண் நிறைய வைத்துப் பார்க்கச் செவ்வாழை. 'அண்ணாச்சி, செவ்வாழை விலை கூடுதல், அதனால் அதிலேயே உப்பேரி வறுங்கள், நன்றாக இருக்கும்' என்று ஒரு கடைக்காரன் சொன்னால் சிரிப்போமா மாட்டோமா? அதே ஆள்தான் பங்க்கில் போய் நின்று, 'விலை கூடுதலா, அப்போ நல்லதுதான் போடு' என்கிறான்.

இதில் பங்க் பையனைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. வெயிலில் நின்று பெட்ரோல் ஆவியை மூச்சில் இழுக்கிற பிள்ளை, சொல்லச் சொன்னதைச் சொல்கிறான். நான் சண்டைபிடிக்க நினைப்பது அந்தப் பெயர்களை வைத்தவர்களிடம். 'பவர்' என்று ஒரு பெயர், 'ஸ்பீட்' என்று இன்னொரு பெயர். பெட்ரோலின் பொறுமையைக் குறிக்கிற ஒரு சமாசாரத்துக்கு வேகம் என்றும் சக்தி என்றும் பெயர் வைப்பவர்கள், ஒன்று விஷயம் தெரியாதவர்களாக இருக்கவேண்டும், அல்லது நன்றாகத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு எண்ணெய் பற்றித் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. இன்னொரு கூத்தும் உண்டு. முன்பெல்லாம் பல வருஷங்களாக இந்த உயர்ந்த பெயர்களில் விற்றவற்றில் பலவற்றின் ஆக்டேன், சாதா பெட்ரோலின் அதே அளவுதான். இஞ்சினுக்குள் கசடு சேராமல் இருக்க ஒரு மருந்து கலந்திருந்தார்கள், அதற்குத்தான் கூடுதல் காசு. வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆக்டேனுக்காக என்று நினைத்து வாங்கினார்கள். யாரும் திருத்தவில்லை. திருத்துவார்களா? இப்போதுதான் சில பெயர்களின் வாலில் 95 என்றும் 100 என்றும் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் விலை கூடியவற்றுக்கு மட்டும். அந்தப் பக்கத்தில் நிற்கிற சாதா பெட்ரோலின் எண் என்ன? பம்ப்பில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? தினமும் அடர்த்தி எழுதிப் போடுகிறார்கள். கேட்டால் வடிதாள் கொடுக்கவேண்டும், அதில் ஒரு சொட்டு விட்டுக் கறை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஐந்து லிட்டர் கேனில் அளந்து காட்டச் சொல்லலாம். எல்லாம் நம் உரிமை. ஆனால் என் வண்டிக் கையேடு கேட்பது அடர்த்தியை அல்ல, ஆக்டேனை. அதைப் பரிசோதிக்கத் தனி இஞ்சின் வைத்த லேப் வேண்டும், வடிதாளில் வராது. நாமாகச் சோதிக்க முடியாத ஒன்றைத்தானே அவர்கள் கட்டாயம் எழுதிப் போட்டிருக்கவேண்டும்?

கடல் தாண்டிப் போனால் கதை வேறு. இலங்கையில் பெட்ரோலுக்குப் பெயரே எண்தான். ஒக்டேன் 92, ஒக்டேன் 95. யாழ்ப்பாணத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர் '92 அடியுங்கோ' என்பார். மலேசியாவில் 95, 97 என்று பம்ப்பிலேயே எழுதியிருக்கும். 2025 செப்டம்பரில் அந்த நாட்டு அரசாங்கம் தன் குடிமக்களுக்கு மானிய விலை அறிவித்தபோது, அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 95 வந்தது. எண்ணைச் சொல்லி வாங்குகிறவன் தன் வண்டிக்கு என்ன எண் என்று தெரிந்துவைத்திருப்பான், இல்லாவிட்டால் வாய் திறக்கவே முடியாது. நாம் தொகையைச் சொல்லி வாங்குகிறோம். 'நூறுக்கு.' 'ஐந்நூறுக்கு.' 'ஃபுல்லா அடி.'

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வருகிற மருமகப்பிள்ளைகள், 'அங்கே சாதா பெட்ரோலே 87தான் மாமா, இங்கே 91, பரவாயில்லையே' என்பார்கள். நம்பவேண்டாம். அவர்கள் இரண்டு விதச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள், நாம் ஒன்றை மட்டும் எழுதுகிறோம். அவர்களுடைய 87-ம் நம்முடைய 91-ம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அங்கேயும் பம்ப்பில் மஞ்சள் ஸ்டிக்கரில் எண் ஒட்டியிருக்கவேண்டும் என்று சட்டம். எண் எழுதியிருந்தும் ஏமாறுகிறவன் ஏமாறுகிறான் என்பதும் உண்மைதான். 2016-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் ஒரு கணக்குச் சொன்னது: சாதா பெட்ரோலே போதும் என்று செய்யப்பட்ட வண்டிகளுக்கு, முந்தைய ஒரே வருஷத்தில் 1 கோடியே 65 லட்சம் பேர் பிரீமியம் போட்டு, 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியிருக்கிறார்கள். வண்டிகளை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். சக்தி, மைலேஜ், புகை எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காக்காரனும் நம்மைப்போல நெஞ்சு நிமிர்த்திக்கொண்டுதான் வீணாக்கியிருப்பான் என்பது ஓர் ஆறுதல்.

இந்தத் தட்டுகிற நோய்க்கு மருந்து தேடிப் போனதில் மனிதகுலம் பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்கிற அமெரிக்கப் பொறியாளர், பெட்ரோலில் துளி ஈயக் கூட்டுப்பொருளைக் கலந்தால் தட்டுவது நிற்கிறது என்று கண்டுபிடித்தார். மலிவு. ஆனால் ஈயம் விஷம். 1924-இல் நியூஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். ஆபத்தில்லை என்று காட்ட மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கைகழுவிக் காட்டினார். அவரே ஏற்கெனவே ஈய விஷத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர்! பிறகு எழுபது, எண்பது வருஷம் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் அந்தப் புகையைச் சுவாசித்தன. சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில், நாடு முழுக்க 2000 பிப்ரவரியில். கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். அந்த ஈயப் பெட்ரோலை முதன்முதலில் அமெரிக்காவில் விற்றபோது டப்பாவில் ஈயம் என்று எழுதவில்லை. 'எத்தில்' என்று அழகான பெண்பிள்ளைப் பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிற வித்தை நூறு வருஷப் பழசு.

சரி, ஏழு ரூபாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். என் சங்கதியை விடுங்கள். மாதம் அறுபது லிட்டர், நானூறு ரூபாய், செத்துவிட மாட்டேன். பால்காய்ச்சு வீட்டில் பெரியம்மா பேரன் ஒருவனைப் பார்த்தேன். மார்த்தாண்டத்தில் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறான். வண்டி வங்கிக்கடனில். அவனும் ஒன்றரை வருஷமாகப் பிரீமியம்தான் போடுகிறானாம்.

'ஏன் மக்களே?'

'இஞ்சின் நின்னு பேசும் சித்தப்பா. பின்னே, சாதாவுல கலப்படம் இருக்கும்லா.'

நாள் ஒன்றுக்கு பன்னிரண்டு லிட்டர். ஏழு ரூபாய் வீதம் எண்பத்து நாலு. மாதம் இருபத்தைந்து நாள் ஓட்டினால் இரண்டாயிரத்து நூறு. அவன் மகள் பள்ளிக்கூட வேன் கட்டணத்துக்கு மாமனாரிடம் கடன் வாங்கியிருப்பதாக அவன் பெண்டாட்டி அடுக்களையில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். அவனுடைய வண்டிக் கையேட்டிலும் 91தான். கம்ப்ரஷன் கூடின இஞ்சினாக இருந்தும் 91. பழைய அம்பாசடர் இஞ்சின் ஏழு சொச்சம் மடங்குதான் நெருக்கும். இன்று மாருதியில் பன்னிரண்டு மடங்கு நெருக்குகிற இஞ்சின்கூட 91-இல் ஓடும்படி செய்திருக்கிறார்கள். தட்டுகிற சத்தத்தைக் கேட்டுத் தீப்பொறி நேரத்தைத் தள்ளிவைக்க ஓர் உணர்கருவி உள்ளேயே இருக்கிறது. அந்தக் கருவியும் கம்பெனி எழுதிவைத்த கணக்குக்கு உள்ளேதான் வேலை செய்யும். 91-க்குக் கணக்கு எழுதிய இஞ்சினுக்கு 100 ஊற்றினால், அது மரியாதையாக எரித்துப் புகையாக்கிவிட்டு, வழக்கம்போல ஓடும்.

கலப்படப் பயத்தை மட்டும் நான் சிரித்துத் தள்ள மாட்டேன். அது வேறு. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரியும், வண்டி தட்டும். இந்தத் திருட்டைப் பிடிக்கப் போய்த்தான் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக்கொல்லப்பட்டார். கோலார் தங்கவயலில் வளர்ந்த பையன், லக்னோ ஐ.ஐ.எம்.-இல் படித்தவர். கலப்படம் செய்த பங்க்கை மூடச்சொன்னதற்கும், திறந்தபிறகு மறுபடி சோதிக்கப் போனதற்கும் கிடைத்த கூலி. வயசு இருபத்தேழு. அவரை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் மருமகனே, கொஞ்சம் யோசி. அதே பங்க், அதே முதலாளி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டி. ஒன்றில் கலக்கத் துணிந்தவன் மற்றதின் முன்னால் வந்து கும்பிட்டு நிற்பானா? சந்தேகம் இருந்தால் பங்க்கை மாற்று, பில் வாங்கு, வடிதாள் கேள். திருடனுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் நல்லவனாகிவிடுவான் என்பது என்ன நியாயம்?

எல்லாருக்கும் 91 போதும் என்று நான் சொல்லவில்லை. சில டர்போ பெட்ரோல் வண்டிகளின் கையேட்டில் 95 நல்லது என்று போட்டிருக்கும். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்து ஸ்டிக்கரிலும் பார்க்கலாம். அவர்கள் அதைத்தான் போடவேண்டும், கஞ்சத்தனம் கூடாது. கரி பிடித்த பழைய வண்டி, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறைப் பக்கம் மேடு ஏறுகிறபோது தட்டினால், ஒரு தடவை கூடின ஆக்டேன் போட்டுப் பார்க்கலாம். நின்றால் நல்லது, கரியை எடுக்கிற வேலையையும் பார்க்கவேண்டும். கசடு நீக்குகிற மருந்தும் பொய் அல்ல. அந்த மருந்துக்கு இவ்வளவு, ஆக்டேனுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள், வேண்டியவன் வாங்கட்டும் என்பதுதான் என் வழக்கு.

இந்த வழக்கு இப்போது கம்பெனிகளோடு முடிவதில்லை. அரசாங்கமும் எண்ணெயில் கைவைத்துவிட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் பிரதமர் தொடங்கிவைத்தது, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்குள் என்று முதலில் சொன்ன இலக்கை முன்னே இழுத்து, 2025-இல் நாடு முழுக்க அதுவே சாதா பெட்ரோல் ஆகிவிட்டது. கரும்பு விவசாயிக்குக் காசு, இறக்குமதிச் செலவு மிச்சம், புகை குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனாலுக்குப் பொறுமை ரொம்ப அதிகம், உள்ளிருக்கும் சக்தி குறைவு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, பத்து சதவீதத்துக்குச் சீர்செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021-இல் சொன்னது. ரப்பர் குழாய் என்ன ஆகும் என்பது பழைய வண்டிக்காரனின் தனிக் கவலை.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ஜனங்கள் சத்தம்போட்டபோது பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. அதில் ஒரு பெருமை: முன்பு 88-ஆக இருந்த சாதா பெட்ரோலின் ஆக்டேன் 91-ஆகி, இப்போது இருபது சதவீதக் கலப்பால் 95 ஆகியிருக்கிறது. அப்படிப் போடு! சாதா பெட்ரோலே 95 என்றால், பக்கத்துக் குழாயில் 95 என்று எழுதி ஏழு ரூபாய் கூடுதலாக விற்கிறீர்களே, அந்த எண்ணுக்கு இனி என்ன வேலை? ஒன்று அமைச்சகம் சொல்வது சரி, அல்லது பம்ப்பில் அந்த எண்ணைக் காட்டிக் கூடுதல் காசு வாங்குவது சரி. இரண்டும் எப்படிச் சரியாகும்? மருந்துக்குக் காசு என்றால் மருந்தின் பெயரில் வாங்குங்கள்.

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் கிடைக்கச் செய்யவேண்டும், பம்ப்பில் எவ்வளவு எத்தனால் என்று எழுதவேண்டும் என்று ஒருவர் உச்சநீதிமன்றம் போனார். 2025 செப்டம்பர் 1 அன்று மனு தள்ளுபடி. கொள்கை அரசாங்கத்துடையது, சரி. எழுதிப் போடுவதில் என்ன கொள்கை நஷ்டம்? இருபது ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை எத்தனை கிராம், உப்பு எத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்கிற நாடு இது. மாதம் ஆறாயிரம், பன்னிரண்டாயிரம் என்று வாங்குகிற சரக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கொள்கை முடிவு.

திரும்பும்போது களியக்காவிளை வரைக்கும் ஒரு வேலை இருந்தது. எல்லையில் நம் பக்கத்துப் பங்க்கில் வரிசையாகக் கேரள நம்பர் வண்டிகள். அங்கே வரி கூடுதல். 2025-இல் திருவனந்தபுரத்தில் லிட்டர் 107 ரூபாயைத் தாண்டியிருந்தது, இங்கே அதைவிட ஐந்து ரூபாய் போலக் குறைவு. ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பாறசாலையிலிருந்து எல்லை தாண்டி வருகிறான் மலையாளி. நம் ஆள் அதே பங்க்கில் ஏழு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டு, அவனைப் பார்த்துக் கஞ்சன் என்கிறான்.

நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. இந்தத் தடவை இறங்கி, பம்ப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

'சாதாவே போடு தம்பி. இதுல ஆக்டேன் எத்தனை?'

'அது வேற கடையில கிட்டும் சார்.'

'கடையில இல்லப்பா, இந்தப் பெட்ரோல்ல.'

பையன் உள்ளே கண்ணாடி அறையைப் பார்த்துக் கூவினான். 'அண்ணாச்சி, இந்தச் சாருக்கு என்னமோ வேணுமாம்.' மேனேஜர் வந்தார், மரியாதையான மனிதர். நான் மறுபடி கேட்டேன். அடர்த்தி எழுதிய பலகையைக் காட்டினார். அது அடர்த்தி என்றேன். கொஞ்சம் யோசித்து, 'அதெல்லாம் கம்பெனியிலதான் சார் கேக்கணும். நமக்கு லோடு வரும், எறக்குவோம்' என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, 'வண்டிக்கு ஏதாவது பிரச்சினையா? பிரீமியம் போட்டுப் பாருங்களேன்' என்றார்.

பின்னால் திருவனந்தபுரம் வண்டி ஆரன் அடித்தது.